பொய் மூளைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

எழில்மதிக்கு எது இடது, எது வலது என்று தெரியாது. இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். தெரியும், கொஞ்சம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்பாள். நெய்வேலியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். "லெஃப்ட்ல திரும்புங்கண்ணா" என்று வாய் சொல்லும், கை வலப்பக்கம் காட்டும். எல்லா பிளாக்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற டவுன்ஷிப்பில் ஒரு திருப்பம் தப்பினால் வேறு யார் குவார்ட்டர்ஸ் வாசலிலாவது போய் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற வாசல்களில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் பிறகு அவளுக்கு நல்ல பழக்கமானார்கள்.

பிறவியிலேயே இடது கைக்காரி. அப்பா மருதமுத்து, தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து வந்து, மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்து, இழுபறிக்குப் பிறகு பெர்மனன்ட் ஆனவர். நான்கு பேர் மதிக்க வாழ வேண்டும் என்பது அவருக்கு மூச்சு மாதிரி. மகள் பீச்சாங்கையால் சோற்றில் கை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். அந்தக் கையை எடுத்துவிட்டு இந்தக் கையை வைப்பார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பென்சிலை மாற்றி வைத்தார். கோயிலில் பூசாரி விபூதி வாங்கும் கையை மாற்றச் சொன்னார். ஆளாளுக்கு மாற்றி வைத்ததில் சோறு வலது கைக்குப் போனது, பேனா இடது கையிலேயே தங்கிவிட்டது, பெண்ணுக்குத் திசை போய்விட்டது.

ஒருமுறை குடியரசு தின அணிவகுப்பில், வரிசை மொத்தமும் வலப்பக்கம் திரும்ப, இவள் மட்டும் இடப்பக்கம் திரும்பி, பக்கத்துப் பெண்ணின் மூக்கோடு மூக்கு முட்ட நின்றாள். மைதானமே சிரித்தது. அன்றைக்கு வந்த பட்டப்பெயர் "ராங் டர்ன்". கல்லூரி வரைக்கும் அது கூடவே வந்தது. இவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்றிலிருந்து ஒன்று மனசில் ஊறிப்போனது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்துக்கொள்வாள். கெட்டிக்காரப் பெண்களுக்கு இந்த வியாதி ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

படிப்பில் கெட்டிதான். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மைன்ஸில் மண்ணை வெட்டி அள்ளும் பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டுகிற அறிவழகனைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் சத்யா பிறந்த பிறகு, குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதே வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

என்ன வேலை? மைன்ஸ் பஸ்ஸில் மருதமுத்துவை யாராவது இப்படிக் கேட்டால் அவர் கொஞ்சம் நெளிவார்.

"பொய் மூளை செய்யுதுங்க."

"அப்படியா? நம்ம ஆபீஸ்ல ரெண்டு மூணு பேருக்குத் தேவைப்படுது. என்னா வெலைன்னு கேட்டு வையி."

பஸ்ஸே சிரிக்கும். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். எழில்மதியின் கம்பெனி ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தது. மூளை ஸ்கேன் படத்தைக் கொடுத்தால், கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று அது கோடு போட்டுக் காட்டும். அது காட்டுவது சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜ மனிதனின் மண்டைக்குள் இருக்கிற கட்டியின் சரியான அளவு யாருக்குத் தெரியும்? மூன்று டாக்டர்கள் பார்த்தால் மூன்று கோடு போடுவார்கள், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதனால்தான் பொய் மூளை. எழில்மதி கம்ப்யூட்டரிலேயே ஒரு மூளையைக் கட்டுவாள். அதில் தானே ஒரு கட்டியை வைப்பாள். அந்த மூளையை ஒரு ஸ்கேன் மெஷின் படம் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே படமும் செய்வாள். நிஜப் படத்தில் இருக்கிற புள்ளி புள்ளியான கலங்கல், நோயாளி தலையை அசைத்தால் வருகிற மங்கல், எல்லாம் அதில் இருக்கும். பிறகு புரோகிராமிடம் கொடுத்து, கட்டியைக் கண்டுபிடி பார்க்கலாம் என்பாள். கேள்வித்தாள் எடுத்தவளுக்கு விடை தெரியும் இல்லையா, அந்த மாதிரி. உலகத்தில் வேறு எந்த மூளையைப் பற்றியும் இவ்வளவு நிச்சயமாக யாரும் பேச முடியாது.

இதைச் சும்மா செய்துவிட முடியாது. சுத்தமான, அசையாத, அழகான மூளையைச் செய்து கொடுத்தால் எந்தப் புரோகிராமும் பாஸாகிவிடும். நிஜ ஆட்கள் ஸ்கேன் குழாய்க்குள் பயத்தில் எச்சில் விழுங்குவார்கள், காலை ஆட்டுவார்கள், தும்முவார்கள். அதையெல்லாம் கவனித்துக் கவனித்து எழில்மதி தன் மூளைகளில் சேர்த்தாள். அவள் செய்த படங்களை நிஜப் படங்களோடு கலந்து வைத்தபோது, கம்பெனிக்கு ஆலோசனை சொல்லும் மூளை அறுவை நிபுணர் மணிமொழி எது பொய் என்று பிரிக்கத் திணறினாராம். அந்த அம்மா லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

புரோகிராம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் நெருங்கியது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர்கள் திட்டம் போட அதைப் பார்ப்பார்கள். கடைசிப் பரிசோதனைக்கு ஒரு புதிய தொகுப்பு மூளைகள் வேண்டும் என்று கேட்டார்கள். எழில்மதி செய்து முடித்தாள். மடியில் சத்யா. குழந்தையின் கன்னத்தில் அன்றைய திருஷ்டிப் பொட்டு, அதில் பாதி அம்மாவின் சுடிதாரில். திரையில் புதிதாகச் செய்த மூளை. என்ன தோன்றியதோ, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். வலது காதுக்கு மேலே, தோலை ஒட்டி, வெள்ளையாக மின்னுகிற ஒரு சின்ன மணி. வைக்கும்போது தன் கையை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். விளையாட்டுத்தான். ஆனால் முழு விளையாட்டும் இல்லை. மூளை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அவள் கட்டிகளையும் அளவு பார்ப்பதற்காக இரண்டு பக்கமும் சமமாகவே வைத்திருந்தாள். எது எந்தப் பக்கம் என்று தனக்கே ஓர் அடையாளம் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

பரிசோதனை முடிந்து வந்தபோது அளவுகள் எல்லாம் கச்சிதம். பொட்டு மட்டும் வம்பு செய்தது. ஸ்கேன் படங்கள் அடுக்கடுக்காக வரும். சில மெஷின்கள் கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் அடுக்கும், சில உச்சியிலிருந்து கழுத்துக்கு இறங்கும். முதல் வகையில் பொட்டு வலது பக்கமே இருந்தது. இரண்டாவது வகையில் புரோகிராம் அதை இடது பக்கம் காட்டியது.

எழில்மதிக்கு முதலில் வந்த எண்ணம் என்னவென்று உங்களுக்கே தெரியும். நான்தான் மாற்றி வைத்துவிட்டேன்.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். ஒருமுறை சரி என்று தோன்றும், மறுமுறை தப்பு என்று தோன்றும். கடைசியில் டீம் தலைவர் அசோக்குமாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், பொறுமைசாலி, வேலையில் ஊறியவர்.

"எழில், உச்சியிலேர்ந்து வர்ற ஃபைலை நீங்க எழுதுனப்ப பக்கம் மாறியிருக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். அந்த மணியை எடுத்துடுங்க. நிஜ நோயாளி தலையில மணி எதுவும் இருக்காதே. அளவு சரியா வந்தாச்சு, நமக்கு அதுதானே டெஸ்ட்டு?"

நியாயமாகத்தான் இருந்தது. மணியை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் சமம், எல்லாம் பாஸ். ஆஸ்பத்திரியில் குறித்த தேதியில் ஆரம்பித்துவிடலாம். ஆனால் புரோகிராம்தான் பக்கத்தை மாற்றுகிறது என்றால்? வலது பக்கம் கட்டி இருக்கிற ஒருவருக்கு அது இடது என்று கோடு போட்டுக் கொடுக்கும். டாக்டர்கள் வேறு படங்களையும் பார்ப்பார்கள்தான், எல்லோரும் எல்லா நாளும் பார்ப்பார்கள் என்று யார் சத்தியம் செய்வது?

ஷிப்ட் முடிந்து வந்த அறிவழகன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு இப்படி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்க?"

சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே குழந்தைக்கு இட்லி ஊட்டினான்.

"நீ சொல்றது புரியுது. உன் பொய் மூளையும் உன் கையால செஞ்சது, அதுல பக்கம் எதுன்னு நீதான் சொல்ற. அதனால நம்ப மாட்டேன்றாங்க. நெஜத் தலை ஒண்ணுல பொட்டு வச்சி எடுத்துப் பாத்தா?"

அவளுக்கும் அது தோன்றியிருந்தது. அசோக்குமாரிடம் கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கடலூரில் கம்பெனி ஏற்பாட்டில் ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது. அந்த மெஷின் உச்சியிலிருந்து இறங்குகிற வகை. சம்மதித்து வருகிற ஆட்களைப் படம் எடுக்க அனுமதியும் இருந்தது. "ஒரு நிஜத் தலையைக் கொண்டாங்க, பார்த்துடலாம்" என்றார்.

"தலைக்கு நான் கீறேனே" என்றான் அறிவழகன்.

இவன் பெரிய வீரன் ஒன்றும் இல்லை. பனைமர உயரத்தில் இரும்பு மேடையில் உட்கார்ந்து பூமியை அள்ளுகிறவன், லிஃப்டுக்குள் போகச் சொன்னால் படியைத் தேடுவான். அடைசலான இடம் ஆகாது. அவன்தான் அந்தக் குழாய்க்குள் போகிறேன் என்றான். குழந்தையை விட்டுப் போக முடியாததால் அவளால் கூடப் போக முடியவில்லை. ஒரு மீன் எண்ணெய் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். எண்ணெய் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும்.

"வலது காதுக்கு மேல ஒட்டச் சொல்லுங்க. வலதுன்னா..."

"நான் சோறு திங்கிற கைப் பக்கம். எனக்கு ஒரே கைதான், உன்ன மாதிரி கொழப்பம் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினான்.

ஸ்கேன் அறை வாசலிலிருந்து ஒரு செல்ஃபி வந்தது. காதுக்கு மேலே பிளாஸ்திரியில் மாத்திரை, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. எழில்மதியும் சிரித்துக்கொண்டாள். பிறகு அவன் போன் லாக்கருக்குள் போய்விட்டது.

மதியத்துக்குள் ஸ்கேன் ஃபைல் வந்து சேர்ந்தது. புரோகிராமில் ஓட்டினாள். மாத்திரை இடது பக்கம் என்று காட்டியது. அப்படியானால் புரோகிராம்தான் தப்பு, நான் சரி. ஒருமுறை நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று செல்ஃபியைத் திறந்தாள். நமக்கு எதிரே நிற்கிறவரின் வலது, நமக்கு இடப்பக்கம். படத்தில் மாத்திரை அவளுக்கு வலப்பக்கம் இருந்தது. அப்படியானால் அறிவழகனுக்கு அது இடது பக்கம். மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் ஒட்டிய மாத்திரையைப் புரோகிராம் இடது என்றே சொல்லியிருக்கிறது. புரோகிராம் சரி. நான்தான் தப்பு.

இங்கேதான் எனக்கு இவள்மேல் கோபம் வருகிறது. அறிவழகனைக் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம், கொஞ்சம் காத்திருக்கலாம். அதற்குள் என்ன அவசரமோ. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எப்போதும் தயாராக இருக்கிற மனசு, அதை ஒத்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் ஓடிப்போய் ஒத்துக்கொண்டது. "தவறு என்னுடையதுதான் சார். மன்னிக்கவும். மணியை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்" என்று அசோக்குமாருக்கு எழுதி அனுப்பிவிட்டாள். அவர் உடனே நிம்மதியாக ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டார்.

சத்யாவைத் தூங்கப் போட்டுவிட்டு வந்து, கணவன் படத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாவம், பயந்துகொண்டு எனக்காகப் போனாரே, அதுவும் வீணாகப் போயிற்றே என்று அழுகை வந்தது. முகத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். அவன் தலைக்குப் பின்னால் சுவரில் ஏதோ பலகை. அதில் இருந்த எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. டவுன்ஷிப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருப்பதால் பல பாஷை எழுத்துகளைப் பார்த்திருக்கிறாள். இது அதில் எதுவும் இல்லை. இது எந்த ஊர் எழுத்து என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவளுக்கு மெல்லப் பிடிபட்டது. தமிழ்தான். பின்னாலிருந்து முன்னால் ஓடுகிற தமிழ். "செருப்பை இங்கே விடவும்."

செல்ஃபி கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டியிருக்கிறது. எழுத்து மாறியிருந்தால் காதும் மாறித்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அறிவழகன் கூப்பிட்டான். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான், பின்னணியில் பாட்டும் ஹாரனும்.

"என்னங்க, மாத்திரை எந்தப் பக்கம் ஒட்டுனாங்க?"

"நீ சொன்ன பக்கந்தான்."

"எனக்கு அது போதாது. தொட்டுப் பாருங்க."

"தொட்டுக்கினுதான் வரேன். பிளாஸ்திரியப் பிய்க்கறப்ப முடியும் சேர்ந்து வந்துடுச்சி, எரியுது. சோத்தாங்கைப் பக்கந்தாம்மா. இந்தக் கையாலதான தேய்ச்சிக்கினு கீறேன்."

எழில்மதி சுவரில் சாய்ந்துகொண்டாள். தான் சரி என்பது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ பயம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் எழுத்து மூலமாகத் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். இப்போது திரும்பப் போய் இல்லை என்று சொல்ல வேண்டும். வாழ்க்கையில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. மைதானம் முழுக்கச் சிரித்த அன்றைக்குக்கூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

போனை எடுத்தாள்.

"சார், புரோகிராம் பக்கத்தை மாத்துது."

"எழில், இப்பத்தானே தப்பு உங்களோடதுன்னு எழுதுனீங்க?"

"ஆமா சார். அப்படி எழுதுனதுதான் தப்பு. மணி நான் வச்ச இடத்துலதான் இருக்கு. மாத்திரையும் ஒட்டுன இடத்துலதான் இருக்கு. உச்சியிலேர்ந்து வர்ற ஃபைலைப் படிக்கும்போது புரோகிராம் கண்ணாடி மாதிரி மாத்திடுது. நான் மணியை எடுக்க மாட்டேன் சார். அதோட சேர்த்துத்தான் ரிசல்ட் அனுப்புவேன். அதுல ஃபெயில்னுதான் இருக்கும்."

அசோக்குமாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாதம் செய்யவில்லை. அன்றே படங்களைப் படிக்கிற பகுதியைப் பிரித்துப் பார்க்க ஆட்களை உட்கார வைத்தார். அடுக்கைத் திருப்பும் இடத்தில் ஒரு கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நாளும் இரண்டு பக்கமும் சமமான மூளைகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தேதியைத் தள்ளி வைக்க வேண்டும், எங்கள் பக்கம் பிழை என்று அவரே சொன்னார். எழில்மதி அதற்குப் பிறகு தன் மூளைகளை இரண்டு பக்கமும் சமமாகச் செய்வதை விட்டுவிட்டாள். கட்டி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் பெரிசு, இன்னொரு பக்கம் கொஞ்சம் சின்னது, இப்படி விதவிதமாகச் செய்கிறாள். எல்லாவற்றிலும் ஒரு பொட்டு. கம்பெனியில் மற்றவர்களும் அதைப் பொட்டு என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

மருதமுத்துவுக்கு விஷயம் அறிவழகன் மூலமாகத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் அவர் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சத்யா இடது கையால் முறுக்கை எடுத்தது. செங்கமலம், அவர் மனைவி, மாற்றி வைக்கப் போனாள். "வுடு. அது எந்தக் கையில திங்குதோ திங்கட்டும்" என்றார் அவர். எழில்மதி சமையலறையில் நின்று அதைக் கேட்டாள்.

திருத்திய புரோகிராம் எல்லா மூளைகளிலும் தேறி, ஆஸ்பத்திரியில் ஓட ஆரம்பித்தது. சில வாரங்கள் போயிருக்கும். ஒருநாள் மாலை மணிமொழி டாக்டர் நேராக எழில்மதிக்கே கூப்பிட்டார். அதுவரை அவர்கள் இருவரும் கூட்டத்தில் பேசிக்கொண்டதோடு சரி.

"நாளைக்கு ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். கரும்பு வெட்டப் போறவங்க. மெஷின் உச்சியிலேர்ந்து வர்ற வகை. நாங்க பாத்தாச்சு, உங்க புரோகிராமும் காட்டுது. ஆனா நான் கத்தி எடுக்கிறதுக்கு முன்னால, அதைச் சோதிச்சவங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கணும்னு தோணுச்சு. படம் அனுப்பியிருக்கேன். கட்டி எந்தப் பக்கம், எழில்?"

எழில்மதி படத்தைத் திறந்தாள். இது அவள் செய்த மூளை இல்லை. இதற்குள் ஒருத்தியின் பேச்சும், பிள்ளைகளின் பெயர்களும், வெட்டிய கரும்பின் வாசனையும் இருந்தன. அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"இடது பக்கம் டாக்டர்."

"சரி" என்று சொல்லிவிட்டு மணிமொழி போனை வைத்தார். நிச்சயமாகவா என்று அவர் கேட்கவில்லை.